டிஸ்குகளின் கூட்டுக் குடும்பம்

எத்தனை பெரிய டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கலாம்? அதற்கும் ஓர் எல்லை உண்டு!

பாங்கியில் உங்கள் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது? ஆஸ்பத்திரியில் உங்கள் குழந்தைக்கு எடுத்த எக்ஸ்-ரே படம் எங்கே இருக்கிறது? ரெயிலில் உங்களுக்கு ஒதுக்கிய இடம் எந்தப் பெட்டியில்?

ஒரு காலத்தில் இவை எல்லாவற்றையும் தடித்த பேரேடுகளில் எழுதி வைத்தார்கள். அந்த வேலையை இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது.

கம்ப்யூட்டரின் பேரேட்டுக்கு "டிஸ்க்" என்று பெயர். ஒரு சின்னப் பெட்டி. அதற்குள்ளே பளபளப்பான வட்டத் தகடுகள். அவை இரவும் பகலும் சுழன்றுகொண்டே இருக்கின்றன. தகட்டின் மேல் காந்தப் புள்ளிகளாக எழுத்துக்கள் பதிகின்றன. தகடே இல்லாத புது வகை டிஸ்குகளும் வந்துவிட்டன. என்றாலும், ஏராளமாகச் சேர்த்து வைக்க வேண்டிய இடங்களில் சுழலும் டிஸ்குகள்தான் இன்றும் அதிகமாக உழைக்கின்றன.

இரவும் பகலும் சுழலும் யந்திரம் ஒரு நாள் நின்றுதான் தீரும். அப்படி நின்றால் உங்கள் கணக்கு என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. ஏனென்றால் பெரிய நிலையங்களில் டிஸ்க் தனியாக வாழ்வதில்லை. பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டுக் குடும்பமாக வைத்திருக்கிறார்கள். ஒன்று போனால் மற்றவை காப்பாற்றும்.

ஆனால் இந்தக் குடும்பம் எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கலாமா? முடியாது! அதன் எதிரே இரண்டு சுவர்கள் நிற்கின்றன. முதல் சுவரை மனிதன் இடித்துவிட்டான். இரண்டாவது சுவர் நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போகிறது.

50 தகடுகள், ஒரு பீரோ

1956ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி முதன்முதலாக டிஸ்க் யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய பீரோவைப்போல் இருந்தது அது. உள்ளே 50 தகடுகள். ஒவ்வொரு தகட்டின் குறுக்களவும் 2 அடி. அத்தனை பெரிய யந்திரம் எவ்வளவு எழுத்துக்களைக் கொண்டது தெரியுமா? 50 லட்சம் எழுத்துக்கள். அவ்வளவுதான்.

இன்று கையில் அடங்கும் ஒரு டிஸ்க் 20 டெராபைட் கொள்கிறது. டெராபைட் என்றால் என்ன?

ஓர் ஆங்கில எழுத்தைப் பதிய வேண்டிய இடத்துக்குப் "பைட்" என்று பெயர். ஒரு லட்சம் கோடி பைட் சேர்ந்தால் ஒரு டெராபைட். அதாவது, இன்றைய ஒரு டிஸ்க் அன்றைய யந்திரத்தைப்போல் 40 லட்சம் மடங்கு கொள்ளும்!

அப்படியும் போதவில்லை. பெரிய நிலையங்கள் நூற்றுக்கணக்கான டிஸ்குகளை அடுக்கி வைக்கின்றன. எல்லாவற்றையும் தனித்தனியே கவனிக்க முடியுமா? முடியாது. அதனால் அவற்றைச் சேர்த்து, கம்ப்யூட்டரின் கண்ணுக்கு ஒரே பெரிய டிஸ்க் போலத் தெரியும்படி செய்கிறார்கள்.

மூன்று பேரின் யோசனை

இப்படிச் சேர்ப்பதற்குச் சரியான வழியை எடுத்துச் சொன்னவர்கள் மூன்று பேர். டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்பது அவர்கள் பெயர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள். 1988ஆம் ஆண்டு இவர்களுடைய கட்டுரை வெளியாயிற்று. தங்கள் முறைக்கு அவர்கள் வைத்த பெயர் "ரெய்டு".

"விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க் எதற்கு? மலிவான சின்ன டிஸ்குகள் பலவற்றைச் சேர்த்தால் என்ன?" இதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி.

கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. அதையும் அவர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

ஒரு டிஸ்க் சராசரியாக 30 ஆயிரம் மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அது 3 ஆண்டுகளுக்கும் மேல். 100 டிஸ்குகளைச் சேர்த்தால்? 100இல் ஏதாவது ஒன்று சராசரியாக 300 மணி நேரத்துக்கு ஒரு முறை கெட்டுப்போகும். அதாவது, இரண்டு வாரம்கூடத் தாங்காது!

ஒரு வீட்டில் ஒரு மண் பானை இருந்தால் அது பல நாள் வரும். 100 பானைகள் இருந்தால், அடிக்கடி ஏதாவது ஒன்று உடைந்துகொண்டுதான் இருக்கும். டிஸ்குகளும் அப்படித்தான். வெறுமனே சேர்த்தால் கூட்டம் பெருகும், பலம் பெருகாது.

அப்படியானால் என்ன செய்வது?

ஒரு கூட்டல் கணக்கு

அவர்கள் சொன்ன வழி மிகவும் சுலபமானது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

மூன்று சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சீட்டில் 5 என்று எழுதுங்கள். இரண்டாவதில் 3. மூன்றாவதில் 7. இவற்றைக் கூட்டினால் 15. அந்த 15ஐ நான்காவது சீட்டில் எழுதி வையுங்கள்.

இப்போது இரண்டாவது சீட்டு தொலைந்துவிட்டது. அதில் என்ன எழுதியிருந்தது? 15இல் இருந்து 5ஐயும் 7ஐயும் கழியுங்கள். மிச்சம் 3. தொலைந்தது கிடைத்துவிட்டது!

டிஸ்குகளிலும் இதே தந்திரம்தான். பல டிஸ்குகளில் உண்மையான விஷயம் இருக்கும். அவற்றோடு ஒரு டிஸ்க் அளவு இடத்தைக் கூட்டல் கணக்குக்காக ஒதுக்குவார்கள். ஏதாவது ஒன்று கெட்டால், மற்ற எல்லா டிஸ்குகளையும் படித்து, கழித்துப் பார்த்து, கெட்டுப்போனதில் இருந்ததை ஒரு புது டிஸ்கில் திரும்ப எழுதிவிடலாம். இதற்காகவே ஒரு காலி டிஸ்க்கை எப்போதும் தயாராக வைத்திருப்பார்கள்.

ஒன்று போனால் பயம் இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு சீட்டுகள் தொலைந்தால்? 5ம் 3ம் இரண்டுமே இல்லை என்றால், அவற்றின் மொத்தம் 8 என்பது மட்டும்தான் தெரியும். எது 5, எது 3 என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே, முதல் டிஸ்க் போனதும் இரண்டாவது டிஸ்க் போவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். 1988ஆம் ஆண்டுக் கட்டுரையில் இந்த வேலைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு ஒரு மணி நேரம். அந்தக் காலத்து டிஸ்குகள் அவ்வளவு சின்னவை. அவர்கள் எடுத்துக்கொண்ட சிறு டிஸ்கின் அளவு, ஒரு டெராபைட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

இந்த "ஒரு மணி நேரம்" என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

முதல் சுவர்: கதவு எண்

டிஸ்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தபோது முதலில் முட்டிய சுவர் வேறு ஒன்று. அது கதவு எண்ணின் சுவர்.

ஓர் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று இலக்கத்தில்தான் எண் எழுத முடியும் என்று வைத்துக்கொள்வோம். 000 முதல் 999 வரை ஆயிரம் வீடுகளுக்கு எண் கொடுக்கலாம். அதற்கு அடுத்த வீட்டுக்கு? எண் இல்லை! வீடு இருக்கும், அதில் ஆள் இருப்பார், ஆனால் தபால்காரர் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது.

டிஸ்கிலும் ஒவ்வோர் அறைக்கும் எண் உண்டு. கம்ப்யூட்டருக்கு 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள்தான் தெரியும். பல யந்திரங்களில் அறை எண்ணை எழுத 32 இலக்கங்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். 32 இலக்கங்களில் எத்தனை எண்கள் எழுதலாம்? 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அவ்வளவுதான். அதற்கு மேல் ஓர் எண்கூட இல்லை.

ஓர் அறை 512 பைட் கொள்ளும் என்றால், மொத்தம் சுமார் 2 டெராபைட்டோடு எண்கள் தீர்ந்துவிடும். வீட்டுக் கம்ப்யூட்டர்களிலும், டிஸ்குகளைச் சேர்க்கும் பழைய கருவிகள் பலவற்றிலும் இந்த 2 டெராபைட் சுவர் இருந்தது. அதற்கு மேல் டிஸ்க் வாங்கி மாட்டினால், மிச்ச இடம் கம்ப்யூட்டரின் கண்ணுக்கே தெரியாது.

16 டெராபைட்டில் ஒரு வேலி

பெரிய நிலையங்களுக்கான சேமிப்பு யந்திரங்களைச் செய்யும் கம்பெனிகளில் ஒன்று அமெரிக்காவின் நெட்ஆப். இதன் யந்திரங்களில் ஓர் அறை 4,096 பைட் கொண்டது. பல டிஸ்குகளைச் சேர்த்த குடும்பத்துக்கு இவர்கள் வைத்த பெயர் "அக்ரிகேட்".

"டேட்டா ஆன்டாப் 7" என்ற இவர்களுடைய மென்பொருளில் அறை எண் 32 இலக்கம். 429 கோடி அறைகளை 4,096ஆல் பெருக்கிப் பாருங்கள். சுமார் பதினேழரை லட்சம் கோடி பைட் வரும். கம்ப்யூட்டர் நிபுணர்கள் ஆயிரத்துக்குப் பதிலாக 1,024 வைத்து எண்ணுவது வழக்கம். அந்தக் கணக்கில் இது சரியாக 16 டெராபைட். ஓர் அக்ரிகேட் அதற்கு மேல் வளர முடியாது!

டிஸ்குகள் சின்னவையாக இருந்தவரையில் இந்த வேலி யாரையும் தடுக்கவில்லை. 2007ஆம் ஆண்டு முதல் ஒரு டெராபைட் டிஸ்க் கடைக்கு வந்தது. பிறகு 2 டெராபைட் டிஸ்குகளும் வந்தன. அப்போதுதான் சங்கடம் ஆரம்பித்தது.

2 டெராபைட் டிஸ்குகளில் எட்டைச் சேர்த்தாலே வேலி வந்துவிட்டது. ஓர் அடுக்கில் 24 டிஸ்குகள் மாட்ட இடம் இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகச் சேர்க்க முடியாது. துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் தனியே கூட்டல் டிஸ்குகள் வேண்டும். காசு கொடுத்து வாங்கிய இடம் அதிலேயே போகும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. எட்டுப் பேர் சேர்ந்து மூட்டை தூக்குவதற்கும் இருபது பேர் சேர்ந்து தூக்குவதற்கும் வித்தியாசம் இல்லையா? குடும்பத்தில் டிஸ்குகள் குறைந்தால் வேகமும் குறைந்துவிடும். பெரிய டிஸ்க் வாங்கியவர்களுக்கு இடம் கிடைத்தது, வேகம் கிடைக்கவில்லை.

இதற்குப் பரிகாரம்? அறை எண்ணின் இலக்கங்களை அதிகமாக்குவதுதான். "டேட்டா ஆன்டாப் 8" மென்பொருளில் 32 இலக்கத்தை 64 ஆக்கினார்கள். இலக்கம் இரண்டு மடங்குதான் ஆயிற்று. ஆனால் எண்களோ 1,84,000 கோடி கோடிக்கும் மேல் பெருகிவிட்டன!

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2005ஆம் ஆண்டு அது வெளியிட்ட "இசட்.எப்.எஸ்." முறையில் 128 இலக்கக் கணக்கு! அந்த எண்கள் தீர்ந்துபோகும் அளவுக்கு டிஸ்க் செய்ய உலகத்தில் யாராலும் முடியாது.

முதல் சுவர் இடிந்தது. ஆனாலும் அக்ரிகேட்டுக்கு உச்ச அளவு இல்லாமல் போகவில்லை. நெட்ஆப் தன் யந்திரங்களில் ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் எல்லையை வைத்தது. பெரிய மாடலுக்குப் பெரிய எல்லை. சின்ன மாடலுக்குச் சின்ன எல்லை. எண்கள் தாராளமாக இருக்கும்போது எல்லை எதற்கு? எண் இருந்தால் மட்டும் போதாது. அத்தனை அறைகளையும் கவனிக்க யந்திரத்துக்குத் தெம்பும் வேண்டும். டிஸ்க் கெட்டால் சமாளிக்க நேரமும் வேண்டும்.

அந்த நேரம்தான் இரண்டாவது சுவர்.

இரண்டாவது சுவர்: நேரம்

அந்த "ஒரு மணி நேரம்" நினைவிருக்கிறதா?

ஒரு டெராபைட் டிஸ்க் கெட்டுவிட்டது. புது டிஸ்கில் வினாடிக்கு 10 கோடி பைட் எழுதலாம் என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் எழுதி முடிக்க 10 ஆயிரம் வினாடிகள் ஆகும். அதாவது 2 மணி 46 நிமிடம்.

இன்றைய 20 டெராபைட் டிஸ்க் கெட்டால்? இது வேகமான டிஸ்க். வினாடிக்கு 25 கோடி பைட் எழுதும் என்று கொள்வோம். அப்படியும் 80 ஆயிரம் வினாடிகள் வேண்டும். அதாவது 22 மணி 13 நிமிடம்!

டிஸ்கின் வயிறு 20 மடங்கு பெருத்தது. கையின் வேகமோ இரண்டரை மடங்குதான் கூடியது. சுவர் உயர்ந்துகொண்டே போவதற்குக் காரணம் இதுதான்.

அந்த 22 மணி நேரமும் குறைந்த பட்சக் கணக்கு. பாங்கியும் ஆஸ்பத்திரியும் கதவை மூடிக்கொண்டு காத்திருக்குமா? டிஸ்குகள் அன்றாட வேலையையும் பார்த்துக்கொண்டு, இடையிடையேதான் இந்தப் பழுது வேலையைப் பார்க்க வேண்டும். அதனால் நாள் கணக்கில்கூட இழுக்கும். ஒரே ஒரு கூட்டல் டிஸ்க் மட்டும் இருந்தால், அவ்வளவு நேரமும் குடும்பம் ஒற்றை நூலில் தொங்குகிறது என்று அர்த்தம்.

டிஸ்குகள் அப்படி ஒன்றும் அடிக்கடி கெடாது என்று நினைக்கலாம். 2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னிஜி மெல்லான் பல்கலைக்கழகத்தில் பியாங்கா ஷ்ரோடர் என்ற பெண் ஆராய்ச்சியாளரும், ரெய்டு முறையைச் சொன்ன மூவரில் ஒருவரான கார்த் கிப்சனும் சுமார் ஒரு லட்சம் டிஸ்குகளின் கதையை ஆராய்ந்தார்கள். தயாரிப்பாளர்களின் குறிப்புப்படி ஆண்டுக்கு 100க்கு 1 டிஸ்க்கூடக் கெடக் கூடாது. உண்மையில் 100க்கு 2 முதல் 4 வரை மாற்ற வேண்டியிருந்தது. சில இடங்களில் 13 வரை போயிற்று!

ஒன்று கெட்டதை அடுத்து இன்னொன்று கெடுவதும் எதேச்சையாக நடப்பதில்லை என்று அவர்கள் கண்டார்கள். ஒரே குடும்பத்து டிஸ்குகள் பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கியவை. ஒரே அறையில், ஒரே சூட்டில், ஒரே வயதில் உழைப்பவை.

படிக்க முடியாத ஓர் எழுத்து

ஆபத்து இன்னும் ஒரு வழியிலும் வரும். இரண்டாவது டிஸ்க் முழுவதும் கெட வேண்டும் என்றுகூட இல்லை. அதில் ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் போனாலே தொல்லைதான்.

பெரிய நிலையங்களுக்கான டிஸ்குகளில், சுமார் 125 டெராபைட் படித்தால் ஓர் இடம் படிக்க முடியாமல் போகலாம் என்பது தயாரிப்பாளர்கள் கொடுக்கும் பொதுவான கணக்கு. சாதாரண டிஸ்குகளில் பலவற்றுக்கு அது பன்னிரண்டரை டெராபைட்.

20 டெராபைட் டிஸ்குகள் பத்து சேர்ந்த ஒரு குடும்பத்தில் ஒன்று கெட்டுவிட்டது. மிச்சம் ஒன்பதையும் முழுக்கப் படித்தால்தான் கணக்குப் போட முடியும். 9 இருபது 180 டெராபைட். தயாரிப்பாளர் சொன்ன 125ஐத் தாண்டிவிட்டது! கழித்தல் கணக்கின் நடுவே ஓர் எண் அழிந்திருந்தால், விடை எப்படி வரும்?

இதற்குப் பரிகாரம் என்ன?

நிபுணர்கள் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. மூன்று வழிகள் கண்டார்கள்.

முதல் வழி, கூட்டலை அதிகமாக்குவது. எண்களைக் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டு, வரிசையாக ஒரு முறை கூட்டுவது. மூலைவாட்டில் இன்னொரு முறை கூட்டுவது. இரண்டு கூட்டல் இருந்தால், இரண்டு டிஸ்குகள் ஒன்றாகப் போனாலும் மீட்டுவிடலாம். நெட்ஆப் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் 2004ஆம் ஆண்டு இந்த முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். 2009ஆம் ஆண்டு இசட்.எப்.எஸ். முறையில் மூன்று டிஸ்குகள் போனாலும் தாங்கும் வழி வந்தது.

இரண்டாவது வழி, குடும்பத்துக்குள் குடும்பம். நூறு டிஸ்குகளுக்கும் சேர்த்து ஒரே கூட்டல் போடுவதில்லை. பத்து, பன்னிரண்டு என்று சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனிக் கூட்டல் வைப்பார்கள். பெரிய வீடு ஒன்று. அதற்குள் அடுப்புகள் பல. ஓர் அடுப்பில் தீ அணைந்தால், அந்த அடுப்பைக் கவனித்தால் போதும்.

மூன்றாவது வழி, பழுது வேலையைப் பங்கு போடுவது. கெட்ட டிஸ்கில் இருந்ததை ஒரே புது டிஸ்கில் எழுதினால், அந்த ஒன்றின் வேகத்துக்குத்தான் வேலை நடக்கும். அப்படிச் செய்யாமல், எல்லா டிஸ்குகளிலும் கொஞ்சம் கொஞ்சம் காலி இடம் வைத்துக்கொண்டு, எல்லாமாகச் சேர்ந்து எழுதினால்? ஒருவர் நாற்று நட்டால் ஒரு நாள் ஆகும் வயலை, ஊரே இறங்கினால் ஒரு நாழிகையில் முடித்துவிடலாம் அல்லவா? இன்றைய பெரிய யந்திரங்கள் பலவற்றில் இந்த முறை இருக்கிறது.

இந்த வழிகளில் எதுவும் இலவசம் அல்ல. கூட்டல் கூடினால் இடம் குறையும். குழு சின்னதானால் இன்னும் இடம் குறையும். அதனால்தான் நிபுணர்கள் டிஸ்குகளைச் சேர்க்கும்போது, "எவ்வளவு கொள்ளும்?" என்று மட்டும் கேட்பதில்லை. "ஒன்று கெட்டால் எத்தனை மணி நேரத்தில் மீளும்?" என்றும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வரும் விடைதான் குடும்பத்தின் உண்மையான அளவு.

வீட்டுக்கும் இது பொருந்தும்

இது பெரிய நிலையங்களுக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. கலியாணப் படங்கள், குழந்தையின் மழலைப் பேச்சு, வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாம் இப்போது டிஸ்கில்தான் இருக்கின்றன. இரண்டு டிஸ்குகள் போட்ட சிறு பெட்டிகள் வீட்டு உபயோகத்துக்கே விற்கின்றன. ஒன்றில் எழுதியது அப்படியே மற்றதிலும் பதியும். ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. டிஸ்க் கெட்டால்தான் கூட்டுக் குடும்பம் காப்பாற்றும். கை தவறி ஒரு படத்தை அழித்துவிட்டால், அது இரண்டு டிஸ்குகளிலும் ஒரே நொடியில் அழிந்துபோகும். வீட்டில் தீப்பிடித்தாலும், திருடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும், இரண்டும் சேர்ந்தே போகும்.

ஆகவே, முக்கியமானவற்றுக்கு இன்னொரு நகல் எடுங்கள். அதை வேறு ஒரு டிஸ்கில், வேறு ஓர் இடத்தில் வையுங்கள். அண்ணன் வீடோ, அக்காள் வீடோ எதுவானாலும் சரி. ஆண்டுக்கு இரண்டு முறையாவது அதை எடுத்து, படங்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள். டிஸ்க் எத்தனை பெரிதாக வந்தாலும் இந்த வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.